பெரிய பிரவுன் டிரவுட்டுக்குப் பெரிய லூர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் வட பகுதியில், ஓசார்க் மலைகளுக்கு நடுவே ஓடும் ஒயிட் ஆறு பெரிய பிரவுன் டிரவுட் மீனுக்குப் பேர்போனது. பெண்டன்வில் பக்கம் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழர்களுக்கு அது இரண்டரை மணி நேரப் பயணம். ஊரில் ஏரியிலும் வாய்க்காலிலும் கெண்டையும் விராலும் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? அப்படிப் பெரிய லூரோடு, அதாவது மீன் மாதிரி செய்த போலி இரையோடு, ஆற்றுக்குப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒயிட் ஆற்றை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அணைக்குக் கீழே ஓடும் மற்ற குளிர்ந்த ஆறுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

"பெரிய" பிரவுன் என்றால் எவ்வளவு பெரியது?

இந்த ஆற்றில் 24 அங்குலத்தைத் தொட்டால் எல்லோரும் மரியாதையாகப் பார்ப்பார்கள். 30 அங்குலம் என்றால் அந்த மீனைப் பற்றி அடுத்த வருடமும் பேச்சு இருக்கும். பக்கத்திலேயே லிட்டில் ரெட் என்று இன்னொரு ஆறு. அங்கே 1992 மே 9 அன்று ரிப் காலின்ஸ் பிடித்த பிரவுன் 40 பவுண்டு 4 அவுன்ஸ். பல வருடம் அதுதான் உலக சாதனையாக இருந்தது. 2009-இல் மிச்சிகனில் மனிஸ்டீ ஆற்றில் 41 பவுண்டு 7 அவுன்ஸ் மீன் ஒன்று அதை முறியடித்தது. 2020-இல் நியூசிலாந்தின் ஓஹாவ் கால்வாயில் 44 பவுண்டு 5 அவுன்ஸ் மீன் பிடிபட்டது. அந்தக் கால்வாய்களில் சால்மன் பண்ணைகள் இருக்கின்றன. பண்ணைத் தீவனம் சிந்துகிற இடத்தில் டிரவுட் உட்கார்ந்து தின்று கொழுக்கிறது. அதனால் அந்த எடைகளை ஆற்று மீனோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டியதில்லை.

ஆர்கன்சா வெயில் ஊராச்சே, அங்கே டிரவுட் எப்படி?

அணைதான் காரணம். பிரவுன் டிரவுட் ஐரோப்பாவின் மீன். 1883-இல் ஜெர்மனியிலிருந்து முட்டைகளாக அமெரிக்காவுக்கு வந்து, அடுத்த வருடம் மிச்சிகனில் முதலில் ஆற்றில் விடப்பட்டது. ஒயிட் ஆறு அப்போது டிரவுட் வாழ முடியாத வெதுவெதுப்பான ஆறு. 1951-இல் புல் ஷோல்ஸ் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணையின் ஆழத்திலிருந்து எடுக்கிற தண்ணீர் கோடையிலும் சில்லென்று வெளியே வருகிறது. அதற்கு முன்பே, 1944-இல், இதன் கிளையாற்றில் நார்ஃபோர்க் அணை வந்துவிட்டது. பழைய மீன்கள் அந்தக் குளிரில் பிழைக்கவில்லை. ஈடாக டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள்.

ரெயின்போ டிரவுட்டைப் பண்ணையில் வளர்த்து இன்றும் ஆற்றில் விடுகிறார்கள். பிரவுன் அப்படியில்லை. அது பெரும்பாலும் ஆற்றிலேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வருகிற கேள்விகளுக்குத் தேவைப்படும்.

சின்ன லூரிலும் பெரிய மீன் கடிக்குமே, பிறகு எதற்குப் பெரியது?

கடிக்கும். மேலே சொன்ன 40 பவுண்டு மீன் கடித்தது ஒரு கிராம் எடைகூட இல்லாத பாசிப்பச்சை ஜிக்கை, அதாவது ஈயத்தலை வைத்த குட்டி லூரை. தூண்டில் நரம்பு 4 பவுண்டு தாங்குவது. அதை மறைத்துவிட்டுப் பெரிய லூரைப் புகழ்ந்தால் அது நேர்மையில்லை.

ஆனால் அந்தச் சின்ன ஜிக்கை ஆற்றில் இருக்கிற எல்லா மீனும் கடிக்கும். பத்து அங்குல ரெயின்போ முந்திக்கொண்டு வந்துவிடும். பெரிய பிரவுன் வரும்வரை அது காத்திருக்காது. பெரிய லூர் ஒரு சல்லடை. சின்ன மீன்களை ஒதுக்கிவிட்டு, மீனையே தின்று வளரும் மீனிடம் மட்டும் போய்க் கேட்கிறது.

பிரவுன் குட்டியாக இருக்கும்போது பூச்சியும் புழுவும் தின்னும். ஓர் அடி நீளத்தைத் தாண்டியபின் அதன் பசிக்குப் பூச்சி போதாது. சிற்றிறால் மாதிரி உயிரிகளைத் தின்றுகொண்டே பெரிதாகிறவையும் உண்டு. ஆனால் உண்மையான பெருத்த மீன்கள் பெரும்பாலும் மீன் தின்னிகள். தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிற இரையை அவை சாதாரணமாக விழுங்கும். ஒருமுறை வலையில் கிடந்த ஒரு பிரவுனின் வாயைத் தூண்டில் முள்ளைக் கழற்றத் திறந்தேன். தொண்டைக்குள்ளிருந்து இன்னொரு மீனின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. துடுப்பு தேய்ந்து மழுங்கிய வால். பண்ணையில் வளர்ந்த ரெயின்போ. அதைப் பாதி விழுங்கிய நிலையிலேயே, அதே நீளமுள்ள என் லூரையும் அந்த மீன் அடித்திருந்தது. அந்த வாயைப் பார்த்தவர்கள் ஆறு அங்குல லூரைப் பெரியது என்று சொல்லமாட்டார்கள்.

சரி, என்ன லூர் வாங்குவது?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தண்ணீரில் நிறுத்தினால் அதே ஆழத்தில் நிற்கிற ஜெர்க்பெய்ட் வாங்குங்கள். நான்கரை முதல் ஐந்தரை அங்குலம். முன்னால் சின்ன பிளாஸ்டிக் நாக்கு, ஒல்லியான உடம்பு. ரப்பாலா ஹஸ்கி ஜெர்க், ஸ்மித்விக் ரோக், மெகாபாஸ் விஷன் 110 ஆகிய மூன்றும் இந்த ஆற்றுப் படகுகளில் எப்போதும் கிடக்கும். விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. மீனுக்கு அந்த வித்தியாசம் தெரிவதாக எனக்குத் தோன்றவில்லை. நிறுத்தினால் மேலே மிதந்து வருகிறதா, மூழ்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதுதான் முக்கியம். வீட்டில் ஒரு வாளியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்துப் போட்டுப் பாருங்கள். மேலே வந்தால் முன் முள்ளில் ஈயக் கம்பியை ஓரிரு சுற்று சுற்றிச் சரிசெய்யலாம்.

அடுத்த கட்டம், ஏழு எட்டு அங்குலத்தில் வரும், பக்கவாட்டில் வழுக்கி நீந்தும் கிளைட்பெய்ட்டும் வாலை ஆட்டி நீந்தும் ரப்பர் ஸ்விம்பெய்ட்டும். ரெயின்போ மாதிரியே வண்ணம் பூசியிருப்பார்கள். நாள் முழுக்க வீசினால் தோள் வலிக்கும், கடிக்கிற மீனும் மிகக் குறைவு. பெரிய மீன் ஒன்று இருப்பது உறுதியாகத் தெரிந்த குழியில் மட்டும் எடுத்து வீசுவது என் பழக்கம்.

என்ன நிறம்?

குளிர்காலத்தில் வெள்ளை அல்லது வெள்ளி. காரணம் பின்னால் சொல்கிறேன். மற்ற காலத்தில் பாசிப்பச்சையும் பழுப்பும், அல்லது பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும் ரெயின்போ வண்ணம். கலங்கிய தண்ணீரில் கொஞ்சம் பளிச்சென்ற மஞ்சள். இருட்டில் கறுப்பு, ஏனென்றால் கீழிருந்து பார்க்கிற மீனுக்கு வானத்தின் எதிரே கறுப்பு உருவம்தான் தெளிவாகத் தெரியும். இதற்கு மேல் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவது நேர விரயம்.

ராட், ரீல், நரம்பு?

ஊரில் விராலுக்குத் தவளை லூர் வீசியவர்களிடம் இருக்கிற ராட் இதற்குக் கொஞ்சம் முரடு. ஏழடி நீள மீடியம் ராட், நுனி இளகியது, போதும். 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல். 20 பவுண்டு பிரெய்டு லைன் (இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு), முன்னால் ஏழெட்டு அடிக்கு 10 அல்லது 12 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (தண்ணீரில் எளிதில் கண்ணில் படாத நரம்பு). தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருப்பதால் பிரெய்டை நேராக லூரில் கட்டாதீர்கள். லூரை முடிச்சாக இறுக்கிக் கட்டாமல், சின்ன ஸ்னாப் போட்டு மாட்டினால் இப்படியும் அப்படியும் நன்றாகத் துள்ளும். ஏழெட்டு அங்குல லூருக்கு மட்டும் மீடியம் ஹெவி ராட் வேண்டும்.

ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய பிரவுன் துள்ளாது. தலையை ஆட்டி ஆட்டி ஆழத்துக்கு இழுக்கும், கட்டைக்குள் போகப் பார்க்கும். அப்போது நரம்பு தடங்கல் இல்லாமல் கழன்று வர வேண்டும்.

ஜெர்க்பெய்ட்டை எப்படி இழுப்பது?

ரீலைச் சுற்றி இழுப்பதில்லை. ராட் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி, மணிக்கட்டால் சுண்ட வேண்டும். சுண்டியவுடன் நுனியைத் திரும்ப லூர் பக்கமே விட்டுவிட வேண்டும். நரம்பு தொய்ந்தால்தான் லூர் பக்கவாட்டில் திரும்பித் தன் வயிற்றைக் காட்டும். இறுக்கமாகவே வைத்திருந்தால் நேராக வரும், அது அடிபட்ட மீன் மாதிரி இருக்காது. சுண்டு, சுண்டு, நிறுத்து. அப்புறம் தொய்வை மட்டும் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மீன் அடிப்பது பெரும்பாலும் லூர் அசையாமல் நிற்கும்போது. தண்ணீர் வேகமாக ஓடுகிறது, மீன் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் அரை நொடி நிறுத்தம் போதும். ஜனவரியில், தண்ணீர் தேங்கியது மாதிரி மெதுவாக ஓடும் நாளில், ஐந்து நொடி, பத்து நொடிகூட நிறுத்தலாம். அந்தப் பத்து நொடி ரொம்ப நீளமாகத் தெரியும். பொறுமையாக எண்ணுங்கள்.

கடி எப்படித் தெரியும்? சில நேரம் கையிலிருந்து ராட்டைப் பிடுங்குகிற மாதிரி வரும். பல நேரம் அப்படியில்லை. நிறுத்திவிட்டு அடுத்த சுண்டலுக்குப் போகும்போது கனமாக இருக்கும், அவ்வளவுதான். பிரவுன் இரையை முதலில் பக்கவாட்டிலிருந்து நடு உடம்பில் அடித்து நிலைகுலைய வைத்து, பிறகு தலைப்பக்கமாக விழுங்கும் பழக்கமுள்ளது. அதனால்தான் லூரின் வயிற்றில் தொங்குகிற முள்ளில் நிறைய மீன் மாட்டுகிறது. நல்ல மீன்களைப் பார்த்த ஜெர்க்பெய்ட்டின் வயிற்றைத் திருப்பிப் பாருங்கள்: நடுவில் வண்ணம் உரிந்து, குறுக்கே மெல்லிய பல் கீறல்கள் இருக்கும், வால் பக்கம் புதிதாகவே இருக்கும்.

மீன் பின்னாலேயே வருகிறது, படகைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?

இந்த ஆட்டத்தில் அதிகம் நடப்பதே அதுதான். லூருக்குப் பின்னால் ஒரு பழுப்பு நிழல் வரும், மஞ்சள் வயிறு ஒரு கணம் மின்னும், அப்புறம் கீழே போய்விடும். பலர் பதறி லூரை நிறுத்திவிடுகிறார்கள். துரத்தப்படுகிற மீன் துரத்துகிறவனுக்கு முன்னால் நின்று பார்க்காது. வேகத்தைக் கூட்டுங்கள், திசையை மாற்றுங்கள். ராட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோனால் லூர் சட்டென்று திரும்பும். திரும்புகிற அந்த இடத்தில் அடி விழுவதுண்டு. திரும்பிப் போன மீன் எங்கிருந்து வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பிரவுன் தன் இடத்தை விட்டு எளிதில் நகராது. சாயங்காலம் வெளிச்சம் குறைந்தபின் அதே கட்டைக்கு வேறு லூரோடு திரும்பி வாருங்கள்.

எந்தக் காலம், எந்த நேரம்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். என்ன லூர் என்பதைவிட எப்போது என்பது பத்து மடங்கு முக்கியம். பெரிய பிரவுன் நாள் முழுக்க வேட்டையாடாது. பெரும்பாலான நேரம் கட்டைக்கடியிலோ பாறை இடுக்கிலோ அசையாமல் கிடக்கும். அது வெளியே வருகிற சில நேரங்கள் உண்டு. உங்கள் லூர் அப்போது தண்ணீரில் இருக்க வேண்டும்.

ஒன்று, தண்ணீர் ஏறும்போது. புல் ஷோல்ஸில் எட்டு டர்பைன்கள். மின்சாரத் தேவைக்கேற்ப அவற்றை ஓட்டுவார்கள், நிறுத்துவார்கள். ஓட்ட ஆரம்பித்ததும் ஆறு சில அடி உயர்ந்து, நிறம் மங்கி, வேகம் பிடிக்கும். சின்ன மீன்கள் நிலைகுலைந்து கரையோரம் ஒதுங்கும். பெரிய மீனுக்கு அதுதான் சாப்பாட்டு மணி. எத்தனை டர்பைன், எந்நேரம் என்கிற அட்டவணை தினமும் வெளியாகிறது. அதைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். அணைக்கருகே இப்போது ஏறும் தண்ணீர் கீழே காட்டர் என்ற ஊர்ப் பக்கம் வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். அதைக் கணக்குப் போட்டு ஏறும் தண்ணீரோடு சேர்ந்தே கீழே போகிறவர்கள் உண்டு.

இரண்டு, குளிர்காலத்தில் ஷாட் சாகும்போது. அணை ஏரியில் த்ரெட்ஃபின் ஷாட் என்ற சின்ன வெள்ளி மீன் கோடிக்கணக்கில் இருக்கிறது. ஏரித் தண்ணீர் 45 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும்போது அது மயங்கிச் சாக ஆரம்பிக்கும். டர்பைன் வழியாக அடித்துவரப்பட்டு, ஆற்றில் வெள்ளை வெள்ளையாக மிதந்து போகும். அணைக்குக் கீழே உள்ள டிரவுட் எல்லாம் வெறிபிடித்துத் தின்னும். ஜனவரி முதல் மார்ச் வரை, கடுங்குளிர் இருந்தால் நடக்கும். மிதமான குளிர்காலத்தில் நடக்காமலே போகலாம். வெள்ளை ஜெர்க்பெய்ட்டுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. கடற்காக்கைகள் அணைப்பக்கம் கூட்டமாக வட்டமடித்தால் காரியம் நடக்கிறது என்று அர்த்தம்.

மூன்று, இருட்டு. கோடையில் பகலெல்லாம் கண்ணில் படாத மீன் ராத்திரி முழங்கால் ஆழத்துக்கு வந்து வேட்டையாடும். பகலில் போகிறீர்கள் என்றால் மேகம் மூடிய, தூறல் போடுகிற நாளாகப் பாருங்கள். வானம் நீலமாகப் பளிச்சென்று இருக்கிற, ஆறு வற்றித் தெளிந்திருக்கிற நாளில் பெரிய லூர் வீசுவது கைக்குப் பயிற்சி, அவ்வளவுதான்.

ஆற்றில் எந்த இடத்தில் வீசுவது?

தண்ணீர் ஏறியிருந்தால் கரையை ஒட்டி. விழுந்த மரம், கரையிலிருந்து நீட்டிய பாறை, வேகமான ஓட்டம் மெதுவான ஓட்டத்தைத் தொடும் கோடு. இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வீச்சு. கரைக்கு ஓர் அடிக்குள் லூர் விழ வேண்டும். நான்கடி தள்ளி விழுந்தால் அதை வீசாத வீச்சாகவே எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் ஆழமான குழியின் தலைப்பகுதி, அதாவது வேக ஓட்டம் வந்து குழிக்குள் இறங்குகிற இடம்.

படகு கட்டாயமா? பாதுகாப்பு எப்படி?

தண்ணீர் ஏறிய நேரத்தில் நல்ல இடங்களை எட்ட படகு வேண்டும். அடி தட்டையான, 20 அடி நீள ஜான்படகுதான் இந்த ஆற்றின் வாகனம். முதல் தடவை ஒரு வழிகாட்டியோடு போவதற்குச் செலவிடும் பணம் வீண்போகாது.

கரையிலிருந்தும் நடந்தும் பிடிக்கலாம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருக்கும்போது மேலே டர்பைனை ஓட்டினால், நீங்கள் நடந்து வந்த பாதை திரும்பிப் பார்ப்பதற்குள் இருக்காது. அணைக்கருகே சைரன் ஊதுவார்கள். சில மைல் தள்ளி நின்றால் அது காதில் விழாது. கரையோரக் கல் ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அது நனைய ஆரம்பித்தால், மீன் கடித்துக்கொண்டே இருந்தாலும் சரி, கரையேறுங்கள். தண்ணீர் வெடவெடக்கும் குளிர். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது சில நிமிடங்களில் செயலிழக்க வைத்துவிடும். படகில் இருந்தால் லைஃப் ஜாக்கெட்டை உட்காரப் போட்டுக்கொள்ளாமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். வேக ஓட்டத்தில் நங்கூரம் போடாதீர்கள். நங்கூரம் சிக்கி, படகு முன்பக்கம் அமுங்கிக் கவிழ்ந்து உயிர் போவது இந்த மாதிரி ஆறுகளில் நடந்துகொண்டே இருக்கிறது.

தண்ணீரில் இறங்கி நடக்கப் போடும் வேடர்ஸ் காலணியில் கம்பளி அடிப்பாகம் உள்ளது ஆர்கன்சா டிரவுட் ஆறுகளில் அனுமதியில்லை. ஒரு ஆற்றின் பாசி இன்னொரு ஆற்றுக்குத் தொற்றிவிடும் என்பதால் அந்தத் தடை. ரப்பர் அடிப்பாகம் வாங்குங்கள்.

ஃப்ளை ராட்டில் இதைச் செய்யலாமா?

தாராளமாக. ஃப்ளை என்பது முள்ளில் இறகும் முடியும் வைத்துக் கட்டிய போலி இரை. அதில் ஆறேழு அங்குலம் வரும் ஸ்ட்ரீமரை 7 அல்லது 8 எண் ராட்டில், மூழ்குகிற லைனோடு வீசுவார்கள். தண்ணீரில் உயிரோடு நெளிவதில் எந்த பிளாஸ்டிக்கும் அதற்கு ஈடாகாது. உடம்புக்கு வேலை அதிகம். எப்போது, எங்கே என்பது இரண்டுக்கும் ஒன்றுதான்.

லூரில் மூன்று தலை முள்கள் தொங்குகின்றன. அப்படியே விடலாமா?

மாற்றிவிடுங்கள். மூன்று மும்முனை முள் தொங்குகிற லூர் மீனின் வாயில் ஒன்று, கண்ணருகே ஒன்று, செவுளில் ஒன்று என்று மாட்டிக்கொள்ளும். வலையில் மீன் புரளும்போது உங்கள் விரலிலும் ஏறும். ஒற்றை முனை முள்ளாக மாற்றி, நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கிற சின்னக் கொக்கியைக் குறட்டால் அமுக்கி மழுங்கடித்துவிடுங்கள். கொஞ்சம் மீன் தப்பும்தான். நரம்பைத் தொய்யவிடாமல் வைத்திருந்தால் அதிகம் தப்பாது. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்று விதி இருக்கிற பகுதிகளில் கொக்கியில்லாத ஒற்றை முனைதான் சட்டமே. மற்ற பகுதிகளிலும் அதையே செய்வது நல்லது என்பது என் கருத்து.

மீன் மாட்டினதும்?

மெல்லிய நரம்பு கட்டியவர் போல நெடுநேரம் களைக்க வைக்காதீர்கள். உங்களிடம் வலுவான நரம்பு இருக்கிறது, சீக்கிரம் கொண்டுவாருங்கள். முடிச்சில்லாத ரப்பர் வலை, அகலமானது. மீன் வலைக்குள் தண்ணீரிலேயே இருக்கட்டும். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். காய்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும், பிறகு அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். செவுளுக்குள் விரல் விடக் கூடாது. படம் வேண்டுமானால் கேமராவைத் தயார் செய்துவிட்டு, ஒருமுறை தூக்கி, இறக்கிவிடுங்கள். பிறகு ஓட்டத்தை எதிர்த்து முகம் இருக்கும்படி வாலைத் தளர்வாகப் பிடித்திருங்கள். தானாகக் கையை உதறிப் போகும்வரை விடாதீர்கள்.

செப்டம்பர் முதல் கிட்டத்தட்ட டிசம்பர் வரை இன்னும் கவனம் வேண்டும். அந்த மாதங்களில் ஏரியின் ஆழத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோகிறது. டர்பைனில் காற்றைக் கலந்து விடுகிறார்கள் என்றாலும் அணைக்கருகே மீன்கள் திணறும். நன்றாகப் போராடிய பெரிய மீன் அந்தத் தண்ணீரில் மீளாமல் போகலாம். அந்த நாட்களில் அணையை விட்டுப் பல மைல் கீழே போய்ப் பிடியுங்கள். அங்கே ஓடி ஓடித் தண்ணீர் காற்றை வாங்கியிருக்கும்.

அக்டோபர், நவம்பரில் ஆழமில்லாத இடத்தில் பெரிய மீன்கள் கூட்டமாக நிற்கின்றனவே, பிடிக்கலாமா?

தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவை முட்டையிட வந்தவை. ஆணின் கீழ்த்தாடை கொக்கியாக வளைந்திருக்கும். பெண் வாலால் சரளைக்கல்லை அடித்துத் துப்புரவாக்கி, குழி பறித்து முட்டையிடும். சுற்றிலும் பாசி படிந்த கற்களுக்கு நடுவே வெளுப்பாகத் தெரிகிற வட்டங்கள் அந்தக் குழிகள். அங்கே லூர் வீசினால் மீன் கடிக்கும், பசியில் அல்ல, குழியைக் காக்க. அதில் திறமையும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. நடந்து போகும்போது அந்த வெளுத்த வட்டத்தில் கால் வைத்தால் சரளைக்குள் இருக்கிற முட்டைகள் நசுங்கும். மீன்கள் போன பிறகும், குளிர்காலம் முழுக்க, முட்டைகள் அங்கேதான் இருக்கும். இந்த ஆற்றின் பிரவுன் ஆற்றிலேயே பிறக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். பிறக்கிற இடம் அதுதான். அணையை ஒட்டிய பகுதியில் இந்தக் காலத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. விதியில்லாத பகுதியிலும் குழியை விட்டு ஒதுங்கிப் போங்கள்.

சாப்பிடலாமா?

சாப்பிட ரெயின்போ இருக்கிறது. அதற்காகவே வளர்த்து விடுகிறார்கள். மஞ்சள், மிளகாய்த்தூள் தடவித் தோசைக்கல்லில் வறுத்தால் பிரமாதமாக இருக்கும். பெரிய பிரவுனை விட்டுவிடுங்கள். விதிப்படி ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், அந்த அளவுக்கு வளர அதற்குப் பல வருடம் பிடித்திருக்கிறது. பெரிய பெண் மீன் ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

தூக்கி நிறுக்காமல் எடை தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. வலையில் இருக்கும்போதே நீளத்தையும், நடுவயிற்றின் சுற்றளவையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் பவுண்டில் எடை வரும். 30 அங்குல நீளம், 18 அங்குலச் சுற்றளவு என்றால் 12 பவுண்டு சொச்சம். தையற்காரர் நாடா ஒன்றை ஜாக்கெட் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்தியாவில் பிரவுன் டிரவுட் இருக்கிறதா? நீலகிரியில்?

நீலகிரியில் நிலைத்தது ரெயின்போ. 1863-இலேயே மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், நிலைக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி.வில்சன் முயற்சியில்தான் அவலாஞ்சியில் ரெயின்போ வேரூன்றியது. பிரவுனுக்குக் காஷ்மீர் போக வேண்டும். 1899-இல் வந்த முதல் முட்டைகள் வழியிலேயே கெட்டுப்போய், 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. இமாச்சலத்தில் தீர்த்தன் ஆற்றிலும் உண்டு. காஷ்மீரில் ஆற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து அனுமதிச் சீட்டு தருகிறார்கள். சில பகுதியில் ஃப்ளை மட்டுமே. மலை ஓடைகளில் மீன் சின்னது, இரையும் சின்னது. ஒயிட் ஆற்று லூரை அங்கே கொண்டுபோகாதீர்கள். மூன்று அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை போகிறேன். என்ன செய்துவிட்டுக் கிளம்பட்டும்?

ஆர்கன்சா மீன்பிடி லைசென்ஸ், கூடவே டிரவுட் பெர்மிட். இரண்டும் வேண்டும், ஆன்லைனில் கிடைக்கும். நீங்கள் நிற்கப்போகிற பகுதியின் இந்த வருட விதியைப் படித்துவிடுங்கள். அளவும் எண்ணிக்கையும் மாறுவதுண்டு, போன வருடத்து நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு டர்பைன் அட்டவணையைப் பாருங்கள். ஒற்றை முள் மாற்றிய ஜெர்க்பெய்ட் இரண்டு: ஒன்று வெள்ளை, ஒன்று பாசிப்பச்சை. வலை, குறடு, நாடா, போலராய்டு கண்ணாடி, மாற்றுத் துணி. விடியும்போது ஆற்றில் இருக்கும்படி கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி எதுவும் கடிக்கவில்லை என்றால் கரையில் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, நாலு மணிக்குத் திரும்ப இறங்குங்கள்.